மாமாவின் நீண்ட தூக்கம்

ஓய்வு பெற்று வீட்டில் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவளைப் பிடித்து, புதிதாக மயக்க மருந்துப் பிரிவுக்கு வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எழுதலாம். ஆனால் எந்த மருந்து எத்தனை மில்லிகிராம், எந்த வயதுக்கு எந்தக் குழாய் என்பதெல்லாம் உங்கள் கைப்பேசியில் என்னைவிட நன்றாக இருக்கிறது. அதற்குள் இல்லாத ஒன்றைச் சொன்னால்தான் எனக்கும் மரியாதை.

உங்களில் பலருக்குச் சின்னப் பையன்களின் சிறுநீரகப் பிரிவுப் பட்டியல் வந்தால் முகம் தொங்கிவிடுகிறது என்று கேள்விப்பட்டேன். நியாயம்தான். அன்றைக்கு தியேட்டர் வாசல் பாலர் பாடசாலை மாதிரி இருக்கும். ஒருவன் அழுவான், அவனைப் பார்த்து மற்ற எல்லோரும் அழுவார்கள். ஒரு தாய் பிஸ்கட்டை ஒளித்து வைத்திருப்பாள். பெரிய ஒப்பரேஷன்களுக்குக் கிடைக்கும் பேரும் புகழும் இதில் கிடைக்காது. அரை மணி நேர வேலை, வீட்டுக்குப் போ என்பார்கள். என் தலையில் பாதி நரை அந்த அரை மணி நேர வேலைகளில் வந்தது.

நான் கடைசியாக வேலை செய்தது மாத்தளை மாவட்டத்தில் ஓர் ஆஸ்பத்திரியில். பெயர் வேண்டாம். அங்கே பல்லேபொல பக்கமிருந்து இமாத் என்று ஆறு வயதுப் பையன் வந்தான். ஒரு விதை கீழே இறங்காமல் வயிற்றின் அடியிலேயே நின்றுவிட்டது. அதை இறக்கி வைக்கும்போதே, அதே மயக்கத்தில் சுன்னத்தையும் செய்துவிடலாம் என்று சர்ஜன் சொல்லியிருந்தார். இப்படிச் சேர்த்துச் செய்வது நம் பக்கத்தில் வழக்கம்தான். ஆனால் இமாத்தின் குடும்பத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒத்த வயதுப் பையன்களுக்கு ஒரே நாளில் சுன்னத்து வைப்பார்கள். சேர்த்துக் குளிப்பாட்டி, ஒரே மாதிரி சாரம் உடுத்தி, ஒரே விருந்தில் முடிப்பார்கள். ஆகவே இமாத்தின் தாய்மாமா தன் இரண்டு மகன்களையும் அதே நாளுக்குப் போடச் சொல்லிக் கெஞ்சி, சர்ஜனும் போட்டுவிட்டார். முதலில் இமாத், அடுத்து மாமாவின் மூத்த மகன், பிறகு இளையவன்.

இந்த மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி மொத்த வியாபாரம். இரவெல்லாம் லொறிகளோடு மல்லுக்கட்டிவிட்டு காலையில் சிவந்த கண்ணோடு வார்டுக்கு வந்து நின்று, தாதிமாருக்குப் பகிடி சொல்லிக்கொண்டிருப்பார். சட்டையில் லீக்ஸ் வாசம். அவர் தூங்கி யாரும் பார்த்ததில்லை என்று இமாத்தின் உம்மா சொன்னாள்.

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் நான் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். சளி உண்டா, வலிப்பு உண்டா, எல்லாம் முடிந்து கடைசியாக, "குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்தால பிரச்சினை வந்திருக்கா?" என்றேன்.

"இல்ல டொக்டர். அல்லாஹ்ட காவல்ல எங்கட ஆக்களுக்கு அப்படி ஒரு பிரச்சினையும் வந்தில்ல" என்றாள் உம்மா. மாமாவும் பக்கத்தில் நின்று பெரிதாகத் தலையாட்டினார்.

மறுநாள் காலை இமாத் அடம்பிடிக்காமல் தூங்கினான். இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யும் விறைப்பு ஊசியும் முதுகின் அடியில் போட்டோம். தொண்டைக்குள் இறங்காமல் மேலே பொருந்தி நிற்கும் மென்மையான குழாய் வழியாகத் தானே மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். என்னோடு அன்று யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்த ஓர் இளம் மருத்துவர் இருந்தார். கெட்டிக்காரர், கொஞ்சம் அவசரக்காரர். உங்களை மாதிரிதான்.

சர்ஜன் விதையைத் தேடிப் பிடித்து மெல்ல இழுத்தார். அந்த இழுவைக்கு, இடுப்புக்குக் கீழே போட்ட விறைப்பு பல நேரம் போதாது. இதை ஒருநாளும் மறக்க வேண்டாம். இமாத்தின் குரல்வளை பட்டென்று பூட்டிக்கொண்டது. என் கையில் இருந்த மூச்சுப் பை கல்லாக இறுகியது. ஒக்சிஜன் குறையக் குறைய அந்த இயந்திரத்தின் சத்தம் சுருதி இறங்குமே, அது இறங்கத் தொடங்கியது. நாடியும் மெதுவானது.

"கைய எடுங்க சேர்" என்று சிங்களத்தில் சொன்னேன். சர்ஜன் ஏன் என்று கேட்கவில்லை, உடனே கையை எடுத்தார். அப்படிப்பட்ட சர்ஜன் கிடைத்தால் அவருடைய மற்ற எல்லாக் குணத்தையும் பொறுத்துக்கொள்ளுங்கள். தாடையைத் தூக்கி, ஒக்சிஜனை அழுத்தி, மயக்கத்தை ஆழமாக்கிப் பார்த்தேன். பூட்டு திறக்கவில்லை. நாடியைத் தூக்க ஒரு மருந்தும், தசைகளைத் தளர்த்த ஸ்கோலினும் கொடுத்தேன். தொண்டை திறந்தது. குழாயை உள்ளே இறக்கினோம், பையன் மறுபடி சிவந்தான். இளம் மருத்துவரின் முகத்தில் கல்யாண வீட்டுக் களை. எனக்கும் சந்தோஷம்தான். இந்தக் கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

ஸ்கோலினின் குணம் உங்களுக்குத் தெரியும். வந்த வேகத்தில் போய்விடும் மருந்து. இரத்தத்தில் இருக்கும் ஒரு நொதி அதைச் சில நிமிடங்களில் உடைத்துவிடும். சர்ஜன் மீதி வேலையையும் சுன்னத்தையும் முடிக்கும்வரை நாங்கள் பையை அழுத்தி மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்ததால், பையன் தானாக மூச்சு விடவில்லை என்பது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. கட்டுப் போட்டாயிற்று. மயக்க வாயுவை நிறுத்தினோம். எழும்புவான் என்று பார்த்தோம்.

எழும்பவில்லை.

"கொஞ்சம் ஆழமாப் போட்டிட்டம் போல மேடம்" என்றார் இளம் மருத்துவர்.

இருக்கலாம் என்று நானும் நினைத்தேன். அடுத்த பையனை உடுப்பு மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று வாசலில் இருந்து சொல்லி அனுப்பினார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போனது. பையனின் நாடி வேகமாக ஏறியது. இரத்த அழுத்தமும் ஏறியது. கை கால் அசைவே இல்லை. ஒட்டியிருந்த பிளாஸ்டரை எடுத்துக் கண்ணைப் பார்த்தேன். ஓரத்தில் ஈரம். கண்ணுக்குப் போட்ட களிம்பாக இருக்கும் என்று துடைத்தேன். மறுபடி ஒரு துளி வந்து காதுப் பக்கமாக வழிந்தது.

பிள்ளை விழித்திருக்கிறான். எல்லாம் கேட்கிறது, எல்லாம் தெரிகிறது, ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை.

முதலில் வாயுவைத் திறந்தேன். பிறகு அவன் காதருகே குனிந்து, "இமாத், டொக்டர் ஆன்ட்டி இங்கதான் இருக்கேன். இப்ப நீ தூங்கப் போற. மூச்ச நான் பாத்துக்குறேன்" என்றேன். நாடி மெல்ல இறங்கியது. நான் நிமிர்ந்தபோது இளம் மருத்துவர் கையில் ஊசியோடு நின்றார்.

"ரிவேர்சல் குடுப்பமே மேடம்? எடுத்து வச்சிட்டன்."

"பொறுங்க தம்பி. அத கீழ வைங்க."

அவர் எடுத்திருந்தது வேறு வகைத் தசைத் தளர்த்திகளை முறிக்கும் மருந்து. நல்ல மருந்து, ஆனால் நான் பயந்தது நிஜமானால் பிள்ளையின் நிலையை அது இன்னும் நீட்டிவிடும். மணிக்கட்டில் சின்ன மின்தூண்டலைக் கொடுத்துப் பார்த்தோம். கட்டைவிரல் அசையவில்லை. ஆக, ஸ்கோலின் இன்னும் அப்படியே உள்ளே இருக்கிறது. அதை உடைக்கும் நொதி இந்தப் பிள்ளையின் உடம்பில் ஒழுங்காக வேலை செய்யவில்லை. அதற்கு வைத்தியம் தூங்க வைப்பது, மூச்சுக் கொடுப்பது, காத்திருப்பது. அவ்வளவுதான். படித்த மனிதனுக்கு இதைவிட எரிச்சலான வைத்தியம் வேறு இல்லை. ஏதாவது செய்யச் சொல்லிக் கை துறுதுறுக்கும். அந்தக் கையைக் கட்டிப்போடத்தான் நமக்குச் சம்பளம்.

பையை இளம் மருத்துவரிடம் கொடுத்து, வாயுவைத் தொடக்கூடாது என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு வெளியே போனேன். வாசலில் கிடந்த மர வாங்கில் உம்மாவும் மாமாவும் உட்கார்ந்திருந்தார்கள். மாமாவின் மகன்கள் இருவரும் ஆஸ்பத்திரி உடுப்போடு சின்ன லொறி ஒன்றைத் தரையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த இடத்தில் பலர் 'கொஞ்சம் தாமதமாகும்' என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள்.

நான் உட்கார்ந்து சொன்னேன். "ஒப்பரேஷன் நல்லா முடிஞ்சிருச்சும்மா. ஆனா நடுவுல ஒரு மருந்து குடுக்க வேண்டி வந்திச்சு. அது மகனோட ஒடம்ப விட்டுப் போக மாட்டேங்குது. அதனால அவன் தானா மூச்சு விடல்ல. நாங்க குடுத்துக்கிட்டு இருக்கோம். மருந்து போனதும் அவனே விடுவான்."

"மூச்சு விடல்லயா?" என்று மட்டும் கேட்டாள். அவள் கை என் கையை இறுக்கிப் பிடித்தது.

"நாங்க விட வைக்கிறோம். நான் அவன விட்டு எங்கயும் போக மாட்டேன். எனக்கு ஒன்னு மட்டும் தெரியணும். ஒங்க குடும்பத்துல யாரெல்லாம் ஒப்பரேஷன் செஞ்சிருக்காங்க? ஒவ்வொருத்தரும் எப்ப கண்ணு முழிச்சாங்க?"

அவள் அழுதபடியே அண்ணனைப் பார்த்தாள். "நானா, ஒங்கட அந்தத் தூக்கத்துக் கதைய செல்லுங்களேன்."

மாமா வெட்கப்பட்டுச் சிரித்தார். "அது சும்மா பகிடி டொக்டர்."

"பகிடியச் சொல்லுங்க நானா."

அவர் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால், வேறு ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் அவருக்குக் குடல்வால் ஒப்பரேஷன். காலையில் உள்ளே போனவர் பொழுது சாய்ந்து மஃரிபுக்குத்தான் கண் திறந்தாராம். ஆயுசுக்கும் தூங்க வேண்டிய தூக்கத்தை ஒரே நாளில் தூங்கிவிட்டபடியால்தான் இப்போது தம்புள்ளையில் இரவிரவாக உட்கார முடிகிறது என்று குடும்பமே சொல்லிச் சிரிக்குமாம். கல்யாண வீடுகளில் அவரைப் பிடித்து உட்கார வைத்து இந்தக் கதையைச் சொல்லச் சொல்வார்களாம். கதையில் எல்லோருக்கும் பிடித்த இடம், அந்தத் தூக்கத்தில் அவர் கண்ட கனவு.

"கனவுல டொக்டர்மாரு கிரிக்கட் கதைக்கிறாங்க. எனக்கு ஸ்கோர் என்னண்டு கேக்க ஆச. வாயத் தொறக்கப் பாக்குறன், வருதில்ல. கை காலு எல்லாம் கல்லு மாதிரி ஈக்கிது. ஒருத்தர் வந்து கண் இமையத் தூக்கிப் பாக்குறாரு. நான் அவரப் பாக்குறன், அவரு என்னப் பாக்குறாரு. அப்பயும் ஸ்கோர் கேக்க ஏலல்ல." இதைச் சொல்லும்போது பழக்கத்தில் அவர் கண்ணை உருட்டிக் காட்டினார். அந்த இடத்தில் எப்போதும் எல்லோரும் சிரிப்பார்கள் போலிருக்கிறது.

"நானா, அது கனவு இல்ல" என்றேன்.

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போக நேரம் எடுத்தது.

முதல் நாள் நான் கேட்டபோது அவர்கள் எதையும் மறைக்கவில்லை. நான் பிரச்சினையைப் பற்றிக் கேட்டேன். அவர்கள் வீட்டில் அது பிரச்சினை அல்ல, விருந்துக்குப் பிறகு சொல்லும் வேடிக்கை. நாமெல்லோரும் அந்தக் கேள்வியை அப்படித்தான் கேட்கிறோம், இல்லை என்ற பதில் வந்ததும் நிம்மதியாக அடுத்த கட்டிலுக்குப் போகிறோம். இன்னும் இரண்டு கேள்வியில் மற்றதும் தெரிந்தது. இமாத்தின் வாப்பாவும் உம்மாவும் மாமன் மக்கள். மாமாவின் மனைவியும் அதே குடும்பம். வெளியே பெண் எடுப்பதில்லை. நொதி இல்லாத குறை இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் இப்படி ஆகும். தரையில் லொறி ஓட்டும் அந்த இருவரையும் பார்த்தேன்.

உள்ளே போனால் சர்ஜன் அடுத்தவனைக் கொண்டுவரச் சொல்லிக்கொண்டிருந்தார். இமாத்தை ஐ.சி.யூவுக்கு அனுப்பிவிட்டு, மற்ற இருவருக்கும் அந்த ஒரு மருந்தை மட்டும் விட்டுவிட்டுச் செய்தால் என்ன என்பது அவர் வாதம். வாதத்தில் பிழையில்லை, வேறு மருந்துகள் இருந்தன. ஆனால் ஒரு பிள்ளை மூச்சில்லாமல் கிடக்கும்போது, இருக்கிற ஆட்களை இரண்டாகப் பிரித்து, அதே இரத்தத்தில் இன்னொரு பிள்ளையை, ஒரு பரிசோதனையும் இல்லாமல், அவசரமே இல்லாத ஒரு வேலைக்காகத் தூங்க வைப்பதா? சுன்னத்து அடுத்த மாதமும் செய்யலாம், அடுத்த வருடமும் செய்யலாம். நான் முடியாது என்றேன். காரணம் எழுதித் தரச் சொன்னார், பிறகு ஆற அமர எழுதுகிறேன் என்றேன். அவர் கையுறையைக் கழற்றி வீசிவிட்டுப் போனார்.

மாமாவுக்கும் கோபம் வந்தது. "சொந்தக்காரர் எல்லாம் வந்திட்டாங்க டொக்டர். விருந்துச் சோத்த சவன்ல வச்சிட்டு எங்கள பாத்துக்கிட்டு ஈக்கிறாங்க. நான் என்னண்டு செல்ற?"

"சோறு ஆறிப் போச்சுன்னு சொல்லுங்க நானா. புள்ளைங்க நல்லா இருக்காங்கன்னு சொல்லுங்க."

அவர் என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து, மகன்களின் ஆஸ்பத்திரி உடுப்பைத் தானே கழற்றத் தொடங்கினார்.

இமாத்தை ஐ.சி.யூவில் தூக்க மருந்தோடு இயந்திரத்தில் போட்டோம். உம்மாவை உள்ளே எடுத்து, அவன் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். இளம் மருத்துவர் பிளாஸ்மா ஏற்றலாமா என்று கேட்டார். ஏற்றினால் சீக்கிரம் எழும்பக்கூடும்தான். ஆனால் யாருடைய இரத்தத்திலிருந்தோ எடுத்ததை, நம் பொறுமையின்மைக்காக ஒரு பிள்ளைக்கு ஏற்றக்கூடாது என்றேன். நண்பகல் லுஹர் பாங்கு கேட்டது. கட்டைவிரல் அசையவில்லை. உம்மா ஓதிக்கொண்டிருந்தாள். நான் நினைத்தது பிழையாக இருந்தால்? தொண்டை பூட்டியிருந்த நேரத்தில் மூளைக்கு ஏதும் ஆகியிருந்தால்? இதை யாரிடமும் சொல்லவில்லை, சீனிச் சம்பல் பனிஸ் ஒன்றை வரவழைத்து உம்மாவுக்குப் பாதி கொடுத்துவிட்டு மீதியைத் தின்றேன். தலைமாட்டில் நிற்பவர் சாப்பிடுவதைப் பார்த்தால் தாய்மாருக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

வெயில் சாயத் தொடங்கிய பிறகு, மின்தூண்டலுக்குக் கட்டைவிரல் லேசாகத் துடித்தது. இளம் மருத்துவர் என்னைப் பார்த்தார். மறுபடி பார்த்தோம், கொஞ்சம் பலமாகத் துடித்தது. முழுப் பலமும் வரும்வரை தூக்க மருந்தை நான் நிறுத்தவிடவில்லை. அஸர் பாங்கு முடிந்து சற்று நேரத்தில் இமாத் தானாக மூச்சு விட்டான். தலையைத் தூக்கினான். குழாயைக் கடித்தான். குழாயை எடுத்ததும் இருமி, உம்மாவைத் தேடி, கரகரத்த குரலில் மச்சான்மாரைக் கேட்டான். அவர்களுக்கு இன்னும் செய்யவில்லை, வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்றாள் உம்மா.

"அப்ப எனக்கு மட்டுமா வெட்டினீங்க?" என்று அழத் தொடங்கினான்.

அந்த அழுகையைப் போல இனிமையான சத்தத்தை நான் என் தொழிலில் அதிகம் கேட்டதில்லை. மூளையும் சரி, மூச்சும் சரி, கோபமும் சரி. ஏதாவது நினைவிருக்கிறதா என்று பிறகு பல தரம் மெதுவாக விசாரித்தேன். ஒன்றும் நினைவில்லை. துணி மாற்றும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன்.

எல்லோருடைய இரத்தமும் பரிசோதனைக்குக் கொழும்புக்குப் போனது. இமாத்துக்கும் மாமாவுக்கும் அந்த நொதி சரியாக இல்லை என்று வந்தது. மாமாவின் மூத்த மகனுக்கும் அப்படியே. அன்றைக்கு இரண்டாவதாக உள்ளே வர இருந்தவன். சர்ஜனிடம் முடிவைக் காட்டினேன். அன்றிலிருந்து நான் நிறுத்து என்றால் அவர் காரணம் எழுதச் சொல்லிக் கேட்டதில்லை.

சில மாதம் கழித்து அந்த இருவருக்கும் சுன்னத்து செய்தோம். மயக்க மருந்து கொடுத்தது அந்த இளம் மருத்துவர், நான் பக்கத்தில் கைகட்டி நின்றேன். போன தடவை இமாத்தின் தொண்டை பூட்டிய பயத்தில் நன்றாக ஆழமாக்கி, வேறு மருந்தைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு செய்தார். அதற்குத் தேவையே வரவில்லை. பையன்கள் இருவரும் நேரத்துக்கு எழும்பி நேரத்துக்கு அழுதார்கள். அதற்கு முந்தின நாள் அவர் பெற்றோரிடம் கேள்வி கேட்பதையும் கேட்டேன். பிரச்சினை இருக்கிறதா என்று கேட்கவில்லை. "ஒப்பரேஷன் செய்த ஆக்கள்ட கதை ஒண்டு சொல்லுங்கோ" என்றார். நீங்களும் அப்படிக் கேளுங்கள். நேரம் போகும், போகட்டும்.

வெளியே வந்தேன். மாமா அதே வாங்கில் இருந்தார், பகிடி ஒன்றும் இல்லை. மகன்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்லியும் எழும்பவில்லை.

"டொக்டர், இமாத்துக்கு நீங்க மூச்சு குடுத்தீங்க. எனக்கு அண்டைக்கி யாரு குடுத்த?"

நான் அதை அதுவரை யோசித்திருக்கவில்லை. எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில், காரணம் தெரிந்தோ தெரியாமலோ, காலையிலிருந்து மஃரிபு வரை யாரோ ஒருவர் இந்த மனிதனைச் சாகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறார். இவர் உள்ளே விழித்துக் கிடக்கிறார் என்பதை அவர் கவனிக்கவில்லை. வெளியே வந்து வீட்டாரிடம், கொஞ்சம் அதிகமாகத் தூங்கிவிட்டார் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதனால் எவ்வளவு வந்தது என்று மேலே எழுதிவிட்டேன். ஆனாலும் அவர் மூச்சுப் பையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தெரியல்ல நானா. எங்கள மாதிரி யாரோ ஒருத்தர். பேரு கண்டுபிடிக்க ஏலாது."

"பரவாயில்ல" என்றார் மாமா. "இவ்வளவு காலமும் அவங்களச் செல்லிச் சிரிச்சிட்டன். இனி தொழுதிட்டு துஆ செய்யக்குள்ள அவங்களையும் சேத்துக்கொள்றன். அதுக்குப் பேரு தேவல்லயே."

எழுந்து மகன்களைப் பார்க்க உள்ளே போனார்.